மிளகு மூட்டையும் மாறாத கணக்கும்... சாவி யார் கையில்?

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் கூடக் கூட வெயில் குறையும். காற்றில் குளிர் ஏறும். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஆகாய கங்கையில் நனைந்து, அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, சோளக்காடு சந்தையில் பலாவும் அன்னாசியும் மலைவாழையும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். கூடவே, மறக்காமல் ஒரு பொட்டலம் மிளகு. மலையில் நின்று, விளைவித்தவர் கையாலேயே வாங்குகிற மிளகு என்பதால் அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அதே மிளகு சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒரு கடை அலமாரியில் இருக்கும்போது? பாக்கெட்டின் மேல் 'கொல்லிமலை மிளகு' என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பது அந்த மலையில் விளைந்ததுதான் என்பதற்கு அந்த அச்சு எழுத்தைத் தவிர வேறென்ன சாட்சி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கும் தொழில்நுட்பங்களில் ஒன்று பிளாக்செயின். 'ஒருமுறை எழுதினால் யாராலும் மாற்ற முடியாது' என்பது அதன் பெருமை. அது உண்மைதான். ஆனால், அந்த மாறாத பதிவேட்டில் ஒரு விவசாயியின் செல்போனிலிருந்து எப்படி எழுதுவது, யார் எழுதுவது, எழுதுகிறவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அதிகம் பேச்சு இல்லை. உண்மையில், எல்லா விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு மூட்டையின் பயணம்

காபிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது மிளகுக் கொடி. சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் அறுவடை. ஏணி வைத்து ஏறிப் பறித்து, மணிகளைப் பிரித்து, களத்தில் பரப்பி நாள் கணக்கில் காய வைக்கிறார்கள். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 33 கிலோ கறுப்பு மிளகு. ஈரம் நன்றாக வற்றவில்லை என்றால் பூஞ்சை பிடிக்கும். அவசரப்பட்டு விற்றால் விலை குறையும்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த மூட்டை, சந்தையில் கைமாறியதுமே பெயரை இழந்துவிடுகிறது. வியாபாரியின் கிடங்கில் அது வேறு ஊர் மிளகோடு கலக்கிறது. அங்கிருந்து அடுத்த கிடங்கு, அடுத்த ஊர். கடைசியில் பாக்கெட்டாகும்போது எந்த மணி எந்த மலையில் விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதனால் விவசாயிக்கு இரண்டு நஷ்டம். தரமாக விளைவித்தவருக்கு அதற்கான கூடுதல் விலை கிடைப்பதில்லை. வேறு யாரோ செய்த தவறுக்கு இவரும் சேர்ந்து அடி வாங்க வேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரலில், எத்திலீன் ஆக்ஸைடு என்ற ரசாயனம் இருந்ததாகச் சொல்லி இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றை ஹாங்காங்கும் சிங்கப்பூரும் விற்பனையிலிருந்து நிறுத்தியபோது, 'இந்திய மசாலா' என்ற மொத்தப் பெயர் மீதும் நிழல் விழுந்தது. 'என் மூட்டை வேறு, அந்த மூட்டை வேறு' என்று நிரூபிக்க வழி உள்ளவருக்குத்தான் அந்த மாதிரி நாளில் பிழைப்பு.

மலையின் இன்னொரு பயிரான காபிக்கும் இதே நெருக்கடி. காடழித்த நிலத்தில் விளைந்த காபியை உள்ளே விடமாட்டோம் என்று ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் போட்டது. அமலாகும் தேதி தள்ளிப்போனாலும் சட்டம் நிற்கிறது. காபி எந்த நிலத்தில் விளைந்தது என்று புவியியல் இருப்பிடத்தோடு காட்ட வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் என்றால் அதன் எல்லைகளையே வரைந்து கொடுக்க வேண்டும். காட்டை ஒட்டி வாழும் மலைவாழ் விவசாயிக்கு, இப்படியொரு பதிவேடு சந்தையின் நுழைவுச்சீட்டு மாதிரி.

தோட்டத்திலிருந்து கணினிக்கு

இந்தியாவில் இதற்கான முயற்சிகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டன. 2019 மார்ச்சில் இந்திய காபி வாரியம், பிளாக்செயின் அடிப்படையிலான காபி மின்சந்தை ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கியது. நாட்டில் சுமார் 3.66 லட்சம் காபி விவசாயிகள். அவர்களில் 98 சதவிகிதம் பேர் சிறு விவசாயிகள். தோட்டம் எங்கே, எவ்வளவு உயரத்தில், என்ன சான்றிதழ் என்பதை ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாகப் பதிந்து, விவசாயியையும் வாங்குகிறவரையும் நேரடியாகச் சந்திக்க வைப்பதே அதன் நோக்கம்.

2021 ஏப்ரலில் நறுமணப் பொருள் வாரியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் இந்தியப் பிரிவும் கைகோத்தன. ஆந்திராவின் சில மாவட்டங்களில் மிளகாய், மஞ்சள் பயிரிடுவோரை முதலில் சேர்ப்பது என்று திட்டமிட்டார்கள். தமிழக அரசு 2020 செப்டம்பரிலேயே பிளாக்செயினுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்ற அழகான பெயரில் மாநிலத்துக்கான கட்டமைப்பையும் உருவாக்கியது. 2024 செப்டம்பர் 4-ம் தேதி மத்திய அரசு 'விஷ்வஸ்யா' என்ற தேசிய பிளாக்செயின் சேவையைத் தொடங்கியது. புவனேஸ்வர், புனே, ஹைதராபாத் ஆகிய மூன்று ஊர்களின் தரவு மையங்களில் அது இயங்குகிறது.

'நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று நினைக்க வேண்டாம். வங்கியிலிருந்து உங்கள் செல்போனுக்கு வருகிற குறுஞ்செய்தி ஒவ்வொன்றும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ம் ஆண்டு விதிகளின்படி, இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பதிவேட்டில் சரிபார்க்கப்பட்டுத்தான் வருகிறது.

ஊரே வைத்திருக்கும் நோட்டு

பிளாக்செயின் என்பதைப் புரிந்துகொள்ள ஊர்ப் பொதுக்கணக்கை நினைத்துக்கொண்டால் போதும். கோயில் திருவிழாக் கணக்கு ஒரே நோட்டில், ஒரே ஆளிடம் இருந்தால் சந்தேகம் வரும். அதே கணக்கை ஊரில் நூறு பேர் நூறு நோட்டில் ஒரே சமயத்தில் எழுதினால்? ஒருவர் தன் நோட்டில் ஒரு எண்ணைத் திருத்தினாலும் மற்ற 99 நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு மேல் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், அந்தப் பக்கத்தில் உள்ள எல்லா எழுத்துகளையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு முத்திரை எண் போடுவார்கள். அடுத்த பக்கத்தின் தலையில் அந்த எண்ணை எழுதித்தான் தொடங்க வேண்டும். பழைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் முத்திரை மாறிவிடும்; அதற்குப் பிறகு வரும் எல்லாப் பக்கங்களும் பொருந்தாமல் போகும். பக்கங்கள் சங்கிலியாகக் கோத்திருப்பதால்தான் இந்தப் பெயர்.

'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' என்பது இந்த நோட்டுக்குள்ளேயே எழுதி வைத்த நிபந்தனை. இந்தப் பெயரை 1990-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த நிக் ஸாபோ என்ற அமெரிக்க அறிஞர், அதற்குக் காட்டிய உதாரணம் காசு போட்டால் பொருள் தரும் இயந்திரம். காசு சரியாக இருந்தால் பொருள் வரும், இல்லாவிட்டால் வராது. நடுவில் கடைக்காரர் இல்லை, பேரமும் இல்லை. 2015 ஜூலை 30-ல் 'எத்திரியம்' என்ற பிளாக்செயின் இயங்கத் தொடங்கிய பிறகு இப்படி நிபந்தனை எழுதுவது உலகம் முழுக்கப் பரவியது.

மிளகுக்கு அப்படி ஒரு நிபந்தனை எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு தோட்டத்தின் பெயரில் 100 கிலோ பச்சை மிளகு பதிவாகியிருக்கிறது. அதே சரக்கிலிருந்து 80 கிலோ காய்ந்த மிளகு வந்ததாக யாராவது எழுத வந்தால், 'நடக்காத காரியம்' என்று ஸ்மார்ட் கான்ட்ராக்ட் திருப்பி அனுப்பிவிடும். மலையிலிருந்து பதிவானது 500 கிலோ என்றால், அந்தப் பெயரில் 501-வது கிலோவை விற்க முடியாது. வெளியூர் மிளகைக் கலந்து 'கொல்லிமலை' என்று விற்பதை அதிகம் உறுத்தப் போவது இந்த எளிய கழித்தல் கணக்குதான்.

நடுவில் ஒரு கருவிப்பெட்டி

சரி, இந்த நோட்டில் எழுதுவது எப்படி? பிளாக்செயினுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அது புரிந்துகொள்வது குறிப்பிட்ட வடிவத்தில் அடுக்கிய எண்களின் வரிசையை மட்டும்தான். செல்போன் திரையில் '40 கிலோ, பதிவு செய்' என்று அழுத்துவதற்கும் அந்த எண் வரிசைக்கும் நடுவில் ஒரு தரகர் வேண்டும். அதுதான் 'கிளையன்ட் எஸ்.டி.கே.' எனப்படும் மென்பொருள் கருவிப்பெட்டி. செயலியை உருவாக்குகிற பொறியாளர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதாமல், தயாராக இருக்கும் இந்தப் பெட்டியைச் செயலிக்குள் பொருத்திக்கொள்கிறார். எத்திரியத்துக்கு 'ஈதர்ஸ்' போன்றவை உண்டு. நிறுவனங்களும் அரசுத் துறைகளும் அனுமதி பெற்றவர்களை மட்டும் சேர்த்து நடத்துகிற 'ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்' வகைக்கு அதற்கேயான 'கேட்வே' பெட்டி உண்டு.

பெட்டி செய்யும் வேலைகள் ஐந்து.

முதலாவது, இணைப்பு. நோட்டு வைத்திருக்கும் கணினிகளில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பேசுவது.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. ஸ்மார்ட் கான்ட்ராக்டில் என்னென்ன செயல்கள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல் பெட்டியிடம் இருக்கும். '40 கிலோ' என்பதை அந்தப் பட்டியலின்படி எண் வரிசையாக மாற்றும்.

மூன்றாவது, கையெழுத்து. ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. நீளமான ஒரு ரகசிய எண்தான் அது. அதை வைத்து, 'இதை அனுப்பியவர் இவர்தான்' என்று வேறு யாராலும் போட முடியாத கையெழுத்தைப் பெட்டி போடும். முறையாகச் செய்யப்பட்ட செயலியில் சாவி செல்போனை விட்டு வெளியே போவதே இல்லை. கையெழுத்து மட்டும்தான் போகும்.

நான்காவது, அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதில் வேறு; 'நோட்டில் ஏறிவிட்டது' என்ற ரசீது வேறு. இரண்டாவது வரும்வரை பெட்டி காத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, காது கொடுப்பது. சரக்கு கைமாறியதும், பணம் விடுவிக்கப்பட்டதும் நோட்டிலிருந்து அறிவிப்பு கிளம்பும். அதைக் கேட்டு, விவசாயியின் திரையில் அவருக்குப் புரிகிற மொழியில் சொல்வதும் இதன் வேலைதான்.

எத்திரியம் போன்ற பொதுவான பிளாக்செயின்களில் படிப்பதற்குக் காசு இல்லை, கையெழுத்தும் தேவையில்லை. எழுதுவதற்கு மட்டும் கட்டணம் உண்டு. நிபந்தனைக்குப் பொருந்தாமல் பதிவு திரும்பி வந்தாலும் கட்டணம் போனது போனதுதான். அதனால் நல்ல பெட்டிகள், நிஜமாக அனுப்புவதற்கு முன் 'அனுப்பினால் என்ன ஆகும்' என்று ஓர் ஒத்திகை பார்த்துக்கொள்ளும் வசதியோடு வருகின்றன.

எய்த அம்பு திரும்பாது

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றதாகச் சங்கப் பாடல் சொல்லும். அந்த அம்பைப் போன்றதுதான் பிளாக்செயினில் எழுதுவதும். விரலை விட்டால் விட்டதுதான். அதனால்தான், விடுவதற்கு முன்னால் கருவிப்பெட்டி கவனிக்க வேண்டிய சின்னச் சின்ன விஷயங்கள் பெரிதாகிவிடுகின்றன.

ஸ்மார்ட் கான்ட்ராக்டுகள் எழுதப் பரவலாகப் பயன்படும் 'சாலிடிட்டி' என்ற மொழியில் புள்ளி வைத்த எண்ணுக்கு இடமில்லை. 37.5 கிலோ என்று எழுத முடியாது. 37,500 கிராம் என்றுதான் எழுத வேண்டும். இந்த மாற்றத்தைச் செயலியை எழுதியவர் மறந்தால், ஒரு சரக்கு கிலோவிலும் அடுத்த சரக்கு கிராமிலும் ஏறும். கணக்கு மாறாது, தப்பான கணக்கும் மாறாது.

மலையில் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. 'பதிவு செய்' என்று அழுத்தியதும் சிக்னல் போய்விட்டது. பதிவு ஏறியதா, இல்லையா? பதில் வரவில்லை என்பதற்காகப் பதிவு போகவில்லை என்று அர்த்தமில்லை. மறுபடியும் அழுத்தினால் 40 கிலோ, 80 கிலோவாகிவிடும். இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு மூட்டைக்கும் தனி எண் கொடுத்து, 'ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்காதே' என்று ஸ்மார்ட் கான்ட்ராக்டிலேயே எழுதி வைக்கலாம். அனுப்பிய பதிவுக்கென ஓர் அடையாள எண் உண்டு. சிக்னல் வந்ததும் அதைச் சொல்லி 'ஏறியதா' என்று பெட்டி விசாரிக்கலாம். சிக்னல் இல்லாத தோட்டத்திலேயே கையெழுத்தைப் போட்டு வைத்து, சந்தைக்கு வந்ததும் அனுப்பும்படியும் செய்யலாம். ஆனால் இவை எதுவும் தானாக நடக்காது. மலையை மனதில் வைத்து ஒருவர் யோசித்து எழுதியிருக்க வேண்டும்.

கை தவறி 40-க்குப் பதில் 400 என்று எழுதிவிட்டால்? அழிக்க முடியாது. அந்தக் காலக் கணக்குப்பிள்ளை பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் புது எண் எழுதிச் சுருக்கொப்பம் போடுவாரே, அதுபோலத் திருத்தப் பதிவு ஒன்றைப் புதிதாக எழுத வேண்டும். பழையதும் தெரியும், புதியதும் தெரியும், திருத்தியவர் யார் என்பதும் தெரியும். ஆனால் திருத்துவதற்கான கதவை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதும்போதே வைத்திருக்க வேண்டும்.

பூட்டை யாரும் உடைக்கவில்லை

பிளாக்செயின் உலகில் நடந்த பெரிய திருட்டுகள் சிலவற்றைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். திருடர்கள் பதிவேட்டை உடைக்கவில்லை. அதற்குப் போகிற வழியில், கருவிப்பெட்டியிலும் திரையிலும் கை வைத்தார்கள்.

2023 டிசம்பர் 14 அன்று பிரான்ஸ் நாட்டின் 'லெட்ஜர்' நிறுவனத்தின் 'கனெக்ட் கிட்' என்ற கருவிப்பெட்டிக்குள் திருட்டு நிரல் புகுந்தது. முன்னாள் ஊழியர் ஒருவரை ஏமாற்றி, அவர் மூலம் உள்ளே வந்திருந்தார்கள். அந்தப் பெட்டியைப் பொருத்தியிருந்த பல இணையதளங்கள் ஒரே நேரத்தில் ஆபத்துக்கு உள்ளாயின. சில மணி நேரத்துக்குள் சுமார் 6 லட்சம் டாலர் காணாமல் போனது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் 'சொலானா' என்ற பிளாக்செயினுக்கான 'வெப்3 ஜேஎஸ்' கருவிப்பெட்டியின் இரண்டு பதிப்புகளில் இதேபோல ஊடுருவினார்கள். ரகசியச் சாவியைக் கையாளும் செயலிகளில் அந்தப் பதிப்புகள் சாவியையே திருடி வெளியே அனுப்பின. 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று நம்பி இறக்கிக்கொண்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தியர்களுக்கு நேரடியாக வலித்தது 2024 ஜூலை 18. 'வாஸிர்எக்ஸ்' கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்து களவு போனது. பலர் கையெழுத்திட்டால்தான் திறக்கும் பெட்டகம் அது. திரையில் காட்டப்பட்டது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று அந்த நிறுவனம் விளக்கம் தந்தது. 2025 பிப்ரவரியில் 'பைபிட்' சந்தையில் சுமார் 150 கோடி டாலர் போனபோதும் இதே கதை. கையெழுத்துத் திரையை வழங்கிய மென்பொருளில் திருடர்கள் கை வைத்திருந்தார்கள். கையெழுத்திட்டவர்கள் பார்த்தது வழக்கமான பணப் பரிமாற்றம். போட்டது பெட்டகத்தையே எழுதிக்கொடுக்கும் கையெழுத்து.

வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி, பிறகு மேலே எழுதிக்கொண்ட பழைய கந்துவட்டிக் கதைகள் தமிழ் கிராமங்களுக்குப் புதிதல்ல. அதே கதைதான் கணினிக்கு வந்திருக்கிறது. ஒரே வித்தியாசம், வெற்றுத்தாள் விவகாரத்தில் கோர்ட்டுக்குப் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லலாம். மாறாத பதிவேட்டில் ரத்து என்ற பேச்சே இல்லை.

சாவி யார் கையில்?

இனி கொல்லிமலைக்கே திரும்பலாம். ஆயிரம் விவசாயிகள் ஒரு பிளாக்செயின் திட்டத்தில் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு ரகசியச் சாவி வேண்டும். செல்போன் தொலைந்தால் சாவியும் போகும். பாஸ்வேர்டு மறந்தால் வங்கி மாதிரி புதிதாக வாங்க முடியாது. 'இதெல்லாம் விவசாயிக்குச் சிரமம்' என்று சொல்லி, ஆயிரம் சாவிகளையும் திட்டத்தை நடத்துகிறவர்களின் ஒரே கணினியில் வைத்துவிடுவது எளிது.

அப்படி வைத்துவிட்டால் என்ன நடக்கும்? 'இந்த விவசாயி 40 கிலோ கொடுத்தார்' என்று பிளாக்செயின் சொல்லும். உண்மையில் அதைச் சொன்னது விவசாயி அல்ல. அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர். அவர் 35 என்று எழுதினால், அந்த 35-தான் மாறாத, யாராலும் திருத்த முடியாத, உலகமே நம்பும் கணக்கு. பழைய நோட்டில் எடை குறைத்து எழுதினால் சண்டையாவது போடலாம். இப்போது 'கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது' என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

இதனால், இப்படி ஒரு திட்டம் ஊருக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தொழில்நுட்பக் கேள்விகளே அல்ல. சாவி என்னிடமா, உங்களிடமா? உங்களிடம் என்றால், என் பெயரில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் என் செல்போனுக்குத் தகவல் வருமா? எடை போட்ட உடனே, தராசின் பக்கத்திலேயே, நான் அழுத்தினால்தான் பதிவு ஏறுமா? திரையில் என்ன கையெழுத்தாகிறது என்பது தமிழில் தெரியுமா? தப்பாக ஏறினால் திருத்தும் வழி என்ன? செல்போன் தொலைந்தால் சாவியை மீட்கச் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து உதவும் ஏற்பாடு இருக்கிறதா? கடைசியாக ஒன்று: பணம் தீர்ந்து திட்டமே நின்றுபோனால் இந்தப் பதிவுகளை யார் படித்துக் காட்டுவார்கள்?

கடைசிக் கேள்வி வெறும் கற்பனை அல்ல. பத்து ஆண்டுகளாக எத்திரியம் செயலிகளில் பரவலாக இருந்த 'வெப்3 ஜேஎஸ்' கருவிப்பெட்டியின் பராமரிப்பு 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஃபேப்ரிக்கின் பழைய பெட்டிகளும் ஓய்வு பெற்றுப் புதியது வந்துவிட்டது. பதிவேடு நீடிக்கலாம், அதைத் திறக்கும் கருவிகளுக்கு ஆயுள் குறைவு.

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. இந்தத் துறையைக் கற்க விரும்பும் பிள்ளைகள் நிஜப் பணத்தைத் தொடவே வேண்டியதில்லை. எத்திரியத்தில் 'செபோலியா' போன்ற பயிற்சிக் களங்கள் உள்ளன. அங்கே புழங்கும் நாணயத்துக்கு மதிப்பு கிடையாது. எத்தனை தவறு செய்தாலும் நஷ்டம் இல்லை. முதலில் படிக்க மட்டும் கற்று, பிறகு எழுதப் பழகுவது நல்லது. ரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதி இணையத்தில் பகிர்வது, வாசல் கதவில் சாவியைத் தொங்கவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். கருவிப்பெட்டியின் எந்தப் பதிப்பு பயன்படுகிறது என்பதைப் பூட்டி வைத்து, புதியது வந்தால் பொறுத்துப் பார்த்து மாற்றுவதே விவேகம்.

எல்லாவற்றுக்கும் மேல், ஒருநாள் சோளக்காடு சந்தைக்குப் போய் நிற்க வேண்டும். எடை எப்படிப் போடுகிறார்கள், சிக்னல் எங்கே போகிறது, யார் கையில் செல்போன் இருக்கிறது, எந்த எழுத்தை அவர்கள் தயங்காமல் படிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நல்ல செயலிக்கான பாதிப் பாடம் அங்கே இருக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீர்

மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டுக்கு ஒரு சோதனை சொல்லித் தருகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் மிளகைப் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மேலே மிதக்கும்.

பிளாக்செயினால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. மூட்டைக்குள் இருப்பது மிளகா, பப்பாளி விதையா என்பது அதற்குத் தெரியாது. கை எதை எழுதியதோ அதைக் காலம் முழுக்கக் காப்பாற்றுவதுதான் அதற்குத் தெரிந்த வேலை. அதனால், எழுதுகிற கை யாருடையது என்பதே முதல் கேள்வி. ஏணியில் ஏறி மிளகு பறித்த கையே தராசின் பக்கத்தில் நின்று, தன் கண்ணால் பார்த்து, தன் சாவியால் கையெழுத்திட முடிந்தால், 70 வளைவுகளைத் தாண்டி எந்த ஊருக்குப் போனாலும் அந்த மூட்டை தன் பெயரை இழக்காது.